ஏ இரண்டு என்று வைத்துக்கொண்டால்

இயற்பியல் கணக்குகளில் வண்டி ஓட்டுகிறவர்களைப் போன்ற உத்தமர்களை நான் தெருவில் பார்த்ததே இல்லை. கிளம்பினால் ஒரே சீராக வேகம் ஏறும். பிரேக்கை மிதித்தால் ஒரே சீராக இறங்கும். சொன்ன மீட்டரில் நின்றுவிடுவார்கள். எதற்காக ஐயா பிரேக் போட்டாய் என்று எந்தக் கேள்வித்தாளும் அவர்களைக் கேட்பதில்லை. குறுக்கே நாய் வந்ததா, ஆள் வந்தாரா, யாருக்கும் அக்கறை இல்லை. எதிர்முடுக்கத்தைச் சொல், மதிப்பெண்ணை வாங்கிக்கொள், நடையைக் கட்டு.

இந்த உத்தமர்களை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் கோட்டை விட்டவர்கள் சாயங்காலமானால் என் முன்னறைக்கு டியூஷன் வருவார்கள். நான்கு பெஞ்சு, ஒரு மின்விசிறி, சுவரில் ஆணியடித்த கரும்பலகை. கரும்பலகைக்குப் பின்னால் என் தம்பியின் அறை. நான் சாக்பீஸால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தபடி கேட்டே வளர்ந்தவன். காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. பள்ளியைத் தாண்டுவதற்குள் எனக்கும் அவனுக்கும் உயிர் போய்விட்டது. அப்புறம் பேக்கரி வேன் ஓட்டப் போனான்.

என் வகுப்பில் சில வழக்கங்கள் உண்டு. தெரிந்ததை இடப்பக்கம் எழுத வேண்டும், தெரியாததை வலப்பக்கம். விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட வேண்டும். இரண்டு கோடு போட்டாயிற்று என்றால் அப்புறம் அழிக்கிற பேச்சே கிடையாது. எல்லாக் கணக்குக்கும் (ஆ) என்று ஒரு வால் வைப்பேன்: அதே வண்டி பாதி வேகத்தில் போயிருந்தால் எங்கே நின்றிருக்கும்? பிள்ளைகள் முனகுவார்கள். பாதித் தூரம் என்று யாராவது உளறுவார்கள். நான் பலகையைத் தட்டுவேன். பாதி வேகம் என்றால் கால்வாசி தூரம், பாதி வேகம் என்றால் கால்வாசி தூரம்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை விதி என்று சொல்ல எனக்கே கூச்சம். ரூட் போடும்போது எண் சுத்தமாக வந்தால் நீ போகிற வழி சரி, தசமம் தசமமாக இழுத்தால் எங்கோ தப்பு. இதற்கும் இயற்பியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேள்வி எழுதுகிறவர்கள் சோம்பேறிகள், அவ்வளவுதான். கூட்டிப் பெருக்கினால் அழகாக வருகிற எண்களாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். நானும் அந்தச் சோம்பேறிகளில் ஒருத்தி. நான் எழுதுகிற கணக்குகளில் ஏ, அதாவது முடுக்கம், பெரும்பாலும் இரண்டுதான். வண்டி பெரும்பாலும் ரொட்டி வேன்தான். தம்பி மிச்சமான பன்னைப் பெட்டியோடு கொண்டுவந்து வகுப்பில் கொடுப்பான். 'பன் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் வந்துவிட்டால் நியூட்டனே எழுந்து வந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வேன்தான் போன வாரத்துக்கு முந்தின வாரம் காலையில், கடைத்தெரு முனையில் தையல்காரரை அடித்துப்போட்டது.

தையல்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். யார் எவ்வளவு பருத்தார்கள் என்பதை வெளியில் சொல்லாத ஒரே மனிதரும் அவர்தான். டீ வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பும்போது நடந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவருடைய மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவள். மார்ஜின், படம், பின்னக்கோடு, எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்தே போடுவாள் என்பதால் பிள்ளைகள் அவளை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தம்பி ஜாமீனில் வந்து உள்ளறையில் படுத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்ப்பான், போய்விடுவான். ஸ்டேஷனில் அவன் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி. நாற்பதில்தான் போனேன், அவர் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார். என்னிடமும் அதையே சொன்னான். நான் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. தார்ச்சாலையில் டயர் தேய்த்த கறுப்புத் தடம் நீளமாகக் கிடக்கிறது என்று பால்காரர் சொன்னார். நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. காய்கறிக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். அன்று சாயங்காலமே பெய்த மழையிலும் வண்டி நடமாட்டத்திலும் தடம் போய்விட்டது. போலீஸ்காரர்கள் யாரும் அளக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு மூச்சு வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு மட்டும் என் படிப்பின்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போய் நாற்பதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டு என்றாள். நான் இயற்பியல் டீச்சர், வக்கீல் இல்லை என்றேன். எல்லாம் எண்ணுதானே என்றாள். கணக்குப் போட்டால் என்ன வருமோ அதுதான் வரும் என்று எரிந்து விழுந்தேன். கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில், "சரி, ஐம்பது வந்தாக்கூடப் பரவால்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே அவன் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை நாளும் வராமல் இருந்த ஸ்கேல் நேற்று வகுப்புக்கு வந்தாள்.

வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்தாள், தன் செருப்பைக் கொஞ்சம் தள்ளிக் கழற்றினாள். அது யாருடைய வேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேனிலிருந்து வந்த பன்னைத் தின்னாத வாய் என் வகுப்பில் கிடையாது. மற்ற பிள்ளைகள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறார் என்றாள். மற்றவர்களுக்குப் பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்து உட்கார வைத்தேன். கோபுரத்தின் உச்சியிலிருந்து பந்து போடுகிற கணக்கு. பந்து தரையைத் தொடும் நேரத்தைக் கண்டுபிடித்தால் போதும், கீழே நிற்கிறவன் தலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அவள் மட்டும் அந்தக் கணக்கை எழுதவில்லை. தாளை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். என் பாணியிலேயே ஒரு கேள்வியை எழுதியிருந்தாள். சீரான எதிர்முடுக்கத்துடன் பிரேக் போடும் ஒரு வேன் முப்பத்தாறு மீட்டர் தேய்த்துக்கொண்டு சென்று நிற்கிறது. பிரேக் போடும் முன் அதன் வேகம் என்ன? இடப்பக்கம் தெரிந்தவை, வலப்பக்கம் தெரியாதது. ரொட்டி வேன் என்று எழுதாமல் வெறும் வேன் என்று எழுதியிருந்தாள். அது எனக்காக என்று புரிந்தது.

முப்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். விபத்து நடந்த அன்று மதியம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்ணாடியையும் கழுத்தில் கிடந்த அளவு டேப்பையும் அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வருகிற வழியில் தடத்தைப் பார்த்திருக்கிறாள். தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான். வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, குனிந்து டேப்பை வைத்து, முனையில் சாக்பீஸ் கோடு போட்டு, எடுத்து, மறுபடி வைத்து அளந்திருக்கிறாள். இருபத்து நான்கு தடவை. ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது, நீளத்தை வைத்து வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று சிரித்திருக்கிறார்கள். நான் டியூஷன் படிக்கிற இடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். போட்டுக் கொண்டுவா, பார்ப்போம் என்றார்களாம்.

"கேள்வியில ஏ கொடுக்கல மிஸ்" என்றாள். "அதனால நீங்க எப்பவும் கொடுக்கிற ரெண்டையே வச்சுக்கிட்டேன்."

போட்டிருந்தாள். இரண்டு தரம் இரண்டு தரம் முப்பத்தாறு, நூற்று நாற்பத்து நான்கு. ரூட் பன்னிரண்டு. வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் என்றால் மணிக்கு நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.

"ரூட் சுத்தமா வந்துடுச்சு மிஸ்."

என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒரு டிக் போட்டால் போதும். அம்மா பேரம் பேசிக் கேட்டதைவிடக் குறைவான எண், அதுவும் அந்தப் பெண்ணே தன் கையால் போட்டது. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. கரும்பலகைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிடவில்லை. இந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் டிக் போடுவதற்காகக் காத்திருந்தது.

ஏ என்பது ஒவ்வொரு வினாடியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்கிற கணக்கு. எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்கிக்கொண்டு போனால் வேண்டுமானால் இரண்டு வரும். காய்ந்த தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தால் குறைந்தது ஏழு இருக்கும். அவ்வளவு வேகமாகக் குறைந்தும் முப்பத்தாறு மீட்டர் போயிருக்கிறது என்றால், வண்டி எந்த வேகத்தில் வந்திருக்க வேண்டும்? எனக்குத் தாளே தேவைப்படவில்லை. முப்பத்தாறு என்ற எண்ணைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ அந்த அண்ணன் சொன்னது சரிதானா மிஸ்?" என்றாள். "அப்பாதான் பார்க்காம வந்துட்டாரா?"

நான் பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் அப்படித்தான், டீச்சர் திட்டவில்லை என்றால் விடை சரி. தலையை ஆட்டிக்கொண்டு பென்சில் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். விடைக்குக் கீழே வைத்து முதல் கோட்டைப் போட்டாள். நேராகப் போட்டாள். ஸ்கேலை ஒரு நூல் கீழே இறக்கி இரண்டாவது கோட்டுக்கு வைத்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நல்ல மனசினால் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் ஒரு தப்பான விடைக்கு இரண்டாவது கோடு விழுவதை என் கண்ணால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடத்துப் பழக்கம் கையில் ஊறிப்போய்க் கிடக்கிறது. மனசு இன்னும் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்திருக்கும்.

"அன்னைக்குக் காலையில ரோடு காய்ஞ்சிருந்துச்சா?"

"ஆமா மிஸ். மழை சாயந்திரம்தான்."

"அப்போ ஏ ரெண்டு இல்ல. ஏழு."

முதல் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டுப் போட ஆரம்பித்தாள். இரண்டு தரம் ஏழு தரம் முப்பத்தாறு. ஐந்நூற்று நான்கு. ரூட் போட்டாள், நின்றாள், மறுபடி போட்டாள். இருபத்திரண்டு, அப்புறம் புள்ளி, அப்புறம் நான்கு, அப்புறமும் முடியவில்லை.

"தப்பா வருது மிஸ். சுத்தமா வரல."

"வராது. அப்படியே எழுது."

மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். எழுதிவிட்டு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஸ்கேலை வைத்து இரண்டு கோடும் போட்டாள். டிக் போடுவீர்களா மிஸ் என்று கேட்டாள். போட்டேன். வகுப்பில் எல்லாருக்கும் போடுவதுபோல் பக்கத்தில் என் இனிஷியலையும் போட்டேன். இனிஷியல் எனக்கும் தம்பிக்கும் ஒன்றுதான்.

"ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போறேன். இப்போ அப்பாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றாள். "அவருக்குக் கேக்காதுன்னு தெரியும் மிஸ். இருந்தாலும்."

தாளை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்தாள். வாசலில் செருப்பைப் போடும்போது தம்பியின் செருப்பை அவள் பார்க்கவில்லை. மற்றவர்களையும் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். அவர்களில் ஒருவரும் பந்து தரையைத் தொடுகிற நேரத்தைக் கண்டுபிடித்திருக்கவில்லை. எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

"அந்தப் பொண்ணே ரெண்டுன்னு ஒத்துக்கிட்டாளே. உனக்கு அந்த ஏழு எங்கிருந்துடி வந்துச்சு?"

தார்ச்சாலையிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். உராய்வு என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவளுடைய மகனை நான் பிடித்துக் கொடுத்ததாகத்தான் அவள் காதில் விழும், அதில் தப்பும் இல்லை. உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லையா என்று கேட்டாள். இருக்க முடியவில்லை அம்மா என்றேன். வேறென்ன சொல்வது? தெரியாதவற்றை எல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இப்போது ஒரு பக்கம் அந்தப் பெண், ஒரு பக்கம் இவள், நடுவில் எந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் நேரே கரும்பலகை முன்னால் போய் நின்றான். அதில் பந்துக் கணக்குதான் இருந்தது. அதையே படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ரொட்டி வெந்து வர நேரமாகிவிட்டது, கடைக்காரர்கள் மாற்றி மாற்றிப் போன் பண்ணினார்கள் என்று பலகையிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"கணக்கு அதோட முடியாதே அக்கா. நீ எப்பவும் (ஆ)ன்னு ஒண்ணு கேப்பியே."

வேண்டாம்டா என்றேன். உள்ளே போய்ப் படு என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. பலகையின் கீழ்ச் சட்டத்திலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தான். ஓரத்தில் இடம் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கோழிக் கிறுக்கலில் (ஆ) என்று எழுதினான்.

"எண்பதுல வந்தா முப்பத்தாறு. நாற்பதுல வந்திருந்தா..." நாற்பதில்தான் வந்தேன் என்று இத்தனை நாளும் சொன்னவன் வாயிலிருந்து 'வந்திருந்தா' என்ற சொல் வந்ததை அம்மாவும் கேட்டாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "பாதி வேகம்னா கால்வாசி தூரம். நீ தட்டித் தட்டிச் சொல்லுவியே. எனக்குத் தூக்கத்துல கேட்டாக்கூட வரும்."

ஒன்பது என்று எழுதினான்.

"தடம் முடியுற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்தான் அவரு நின்னாரு. டீ டம்ளரைக் கீழ போடாம கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு." சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒன்பதுல நின்னிருந்தா அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு பஸ்ஸே போயிருக்கும். ஒன்பதுதானே அக்கா? சரியா போட்டிருக்கேனா?"

எத்தனையோ வருடம் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தும் அவன் ஒரு கணக்கையும் முழுசாகச் சரியாகப் போட்டதில்லை. பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதினால்கூட எண்ணை மாற்றி எழுதிவிட்டு வருவான். இது அவன் தானாகவே போட்ட முதல் கணக்கு. வர்க்கம் இல்லை, ரூட் இல்லை, ஒரு இடத்திலும் தப்பு இல்லை. எண்ணும் சுத்தமாக வந்திருந்தது.

தலையை ஆட்டினேன்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்குப் போறப்ப இதையும் எழுதிக் குடுத்துடு" என்றான்.

"இது அவளுக்கு எதுக்குடா? இதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

"உன்கிட்ட படிச்சவதானே. இன்னைக்கு இல்லன்னாலும் என்னைக்காவது போட்டுப் பார்ப்பா. நானே குடுத்ததா இருக்கட்டும்."

அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவளிடம் போவதா, அவனைப் பிடித்து உட்கார வைப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன். தம்பி என் மேசையில் ஸ்கேலைத் தேடினான். கிடைக்கவில்லை. வெறுங்கையால் அந்த ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு போட்டான், அதற்குக் கீழே இன்னொரு கோடும் போட்டான். இரண்டும் கோணல்.